அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் 11 சத்து மாத்திரைகள்: எதை வைப்பது, எதை நிறுத்துவது?

அம்மாப்பேட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் ஐம்பது வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் தராசைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பிபி மாத்திரை ஒன்றைத் தவிர வேறு பெரிய வியாதி கிடையாது.

பொங்கல் கழிந்ததிலிருந்தே அவர் சரியாக இல்லை. மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீர். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். அப்புறம் பேச்சு குழம்ப ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், பட்டறைக்கு நேரமாகிவிட்டதாம். பட்டறையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. மறதி நோய் வந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. தலைக்கு ஸ்கேன் எடுத்தோம், வயதுக்கேற்ற மாற்றம்தான் என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 13.4 இருந்தது. 10.5க்குள் இருக்க வேண்டியது. வைட்டமின் டி '150க்கு மேல்' என்று மட்டும் வந்தது, அதற்கு மேல் அந்த லேப்பில் எண் கொடுப்பதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து அவருடைய பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டினேன். பட்டைகளை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து அடுக்கி வைத்திருந்தார். பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில், பாதித் துண்டுகளில் ஒன்றுமே இல்லை. முழங்கால் வலிக்குப் போனபோது 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒன்று, எட்டு வாரம். அப்பா அதைத் தினமும் பாலோடு போட்டிருக்கிறார், ஏறக்குறைய மூன்று மாதம். மற்ற மாத்திரையெல்லாம் தினமும்தானே, இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சீட்டு ஆங்கிலத்தில். கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, தீரத் தீரக் கொடுத்திருக்கிறார்கள். அதே வீட்டில் இருக்கும் நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஐந்து நாள் சலைன் ஏற்றிக் கால்சியத்தை இறக்கினார்கள். புத்தி தெளிந்துவிட்டது, என் மகளின் கணக்கு வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறார்.

இப்போது என் கேள்வி. அப்பா, அம்மா இருவருக்குமாக அந்த டப்பாவில் மொத்தம் 11 இருக்கின்றன. அந்த வைட்டமின் டி3, கால்சியம், இரும்புச்சத்து, '50 வயதுக்கு மேல்' மல்டிவைட்டமின், மீன் எண்ணெய், மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல், குளுக்கோசமைன், முடிக்கு பயோட்டின், அஸ்வகந்தா, புரோட்டீன் பவுடர், அப்புறம் சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய என்.எம்.என். இளமை மாத்திரை. அம்மாவுக்கு 70 வயது, சர்க்கரைக்கு மெட்பார்மின், தைராய்டுக்கு மாத்திரை. முட்டைகூடத் தொடமாட்டார். எதை வைப்பது, எதை நிறுத்துவது? டாக்டரிடம் போகும் முன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும்.

லீ பஜார் மருந்தாளுநர்

தங்கச்சி, அப்பா தேறிவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. 38 வருடம் மருந்துக் கடையில் நின்றவன், அதனால் சொல்கிறேன். அந்தக் கவுண்டரில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. 'பெரியவரே, இது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.' அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்ன தினசரித் தேவை 600 யூனிட். 60,000 யூனிட் என்றால் ஒரே காப்ஸ்யூலில் 100 நாள் தேவை. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது சரியான வைத்தியம், அதில் தப்பில்லை. அப்பா 90 காப்ஸ்யூல் போட்டிருந்தால் 9,000 நாள் தேவை. 25 வருடத்துக்கு ஆக வேண்டியதை மூன்று மாதத்தில் விழுங்கிவிட்டார்.

பி, சி எல்லாம் தண்ணீரில் கரைவது, பெரும்பாலும் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைவது. உடம்பிலேயே தங்கும். டி கூடினால் குடல் கால்சியத்தை அள்ளி இழுக்கும். அதுதான் அந்தத் தாகம், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம். கால்சியம் இன்றைக்கு இறங்கினாலும் டி இறங்கப் பல மாதம் ஆகும். அதுவரை அப்பாவுக்குக் கால்சியம் மாத்திரையும் வேண்டாம், டி கலந்த எதுவும் வேண்டாம். மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், அதில் டி இருக்கும். கால்சியம் மாத்திரையிலும் பெரும்பாலும் இருக்கும். புரோட்டீன் பவுடரிலும் சேர்த்திருப்பார்கள். நான்கு பெயரில் ஒரே சரக்கு.

அம்மாவுக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில். கால்சியமும் இரும்பும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. இல்லையென்றால் அவை தைராய்டு மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உள்ளே போகாது. இரும்பும் கால்சியமும்கூட ஒன்றாகச் சேரக் கூடாது. கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம்.

பட்டையைக் கத்தரிக்கவே கூடாது என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த பயோட்டின் யார் போடுகிறார்? அம்மாவா? கடைசியாக எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டில் என்ன இருந்தது?

அம்மாப்பேட்டை மகள்

அம்மாதான் போடுகிறார் அண்ணா. முடி கொட்டுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ஆரம்பித்தது. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.08, அது குறைந்தால் தைராய்டு அதிகம் என்று அர்த்தமாம். தைராய்டு கூடிவிட்டது என்று போன வாரம்தான் மாத்திரையை 100 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆகக் குறைத்தார்கள். ஆனால் அவருக்கு அசதி இன்னும் கூடியிருக்கிறது.

லீ பஜார் மருந்தாளுநர்

நினைத்தேன். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் பெரும்பாலும் 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். உடம்பை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் பல லேப் கருவிகள் பயோட்டினையே ஒரு பசையாக வைத்து ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கருவி ஏமாந்துபோகும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதலாகவும் காட்டும். பார்த்தால் தைராய்டு அதிகமானது போலவே இருக்கும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் சோதனையையும் சில கருவிகளில் இது குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது, ஓர் இறப்பும் நடந்திருந்தது.

அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து, அதே டாக்டரிடம் இந்த மாத்திரை பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள். சத்து மாத்திரையை யாரும் 'மருந்து' என்று கணக்கில் வைப்பதில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் இதைச் சொல்வதே இல்லை.

டாலஸ் ஆத்தூர்க்காரன்

இதைப் படித்துவிட்டு ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஒரு பெட்டி முழுக்க இவைதான் கொண்டுவருகிறேன். அப்பாவுக்கு 5,000 யூனிட் டி, அம்மாவுக்கு மீன் எண்ணெய், இருவருக்கும் மல்டிவைட்டமின். தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லை, இதையாவது செய்கிறேன் என்றுதான். அவர்களும் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். இதில் ஒன்றுமே பயனில்லையா? பெரிய ஆய்வுகள் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கிறதா? இங்கே பாதிப் பேர் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி கணக்கு வாத்தியார்

தம்பி, உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் மனைவிக்கு விழித்திரை நடுப்பகுதி தேய்மானம் வந்தபோது கண் டாக்டர் ஒரு கூட்டுமாத்திரை எழுதினார். அன்றிலிருந்து இந்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்துவருகிறேன். 40 வருடம் புள்ளியியல் நடத்தியவன், எண்களைப் பார்க்கத் தெரியும்.

நான் 22 வருடம் சிகரெட் பிடித்தவன். அதனால் முதலில் படித்தது பின்லாந்து ஆய்வு. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி ஆரம்பித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் இருப்பது நல்லது என்றால் அதையே மாத்திரையாக்கி அதிகமாகக் கொடுத்தாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். அந்த எண்ணைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வைட்டமின் இ கதையும் இதேதான். தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது, 2011இல் வெளியானது.

மனைவிக்கு எழுதியது 2013இல் வெளியான ஆரெட்ஸ்-2 என்ற கண் ஆய்வில் சோதித்த கலவை. பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன், ஜியாசாந்தின் வைத்தார்கள். நோய் நடுநிலையில் இருப்பவருக்கு அது முற்றாமல் தள்ளிப்போட உதவுகிறது. நோயே இல்லாதவர் வராமல் தடுக்கச் சாப்பிட்டால் பலன் இல்லை. எனக்கும் ஒரு டப்பா வாங்கலாமா என்று கேட்டேன், கண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே வீடு, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குச் செலவு.

வைட்டமின் டிக்கு வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வு. 25,871 பேர், தினம் 2,000 யூனிட், சராசரி ஐந்து வருடத்துக்கு மேல். புற்றுநோய் வருவதோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இலும் சொன்னார்கள். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் பெரும்பாலும் குறைபாடு இல்லாதவர்கள். நம் ஊரில் வெயில் கொட்டினாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களுக்கு டி குறைவாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம். பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

மல்டிவைட்டமின் ஆயுளைக் கூட்டுமா என்று 3,90,000க்கும் மேற்பட்டவர்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தது 2024இல் வந்தது. கூட்டவில்லை. ஞாபகசக்திக்குச் சின்ன உதவி கிடைக்கலாம் என்று காஸ்மாஸ் ஆய்வுகள் சொல்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. என்.எம்.என்.னுக்கு மனிதர்களிடம் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன, சில மாத ஆய்வுகள். அதை வைத்து இளமை திரும்பும் என்று எழுதி விற்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

மீன் எண்ணெய் பற்றி ஒரு வரி. அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் கொஞ்சம் கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இரும்பாலை 1982

எல்லோரும் குறையாகவே சொல்கிறீர்கள். நான் சேலம் இரும்பாலையில் 1982இல் சேர்ந்தவன், இப்போது 69 வயது. குளுக்கோசமைனும், நண்பர் ஒருவர் மூலம் வாங்கும் புரோட்டீன் பவுடரும் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவன், இன்றைக்கு ஏறுகிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அனுபவத்துக்கு மேல் ஆய்வா?

அஸ்தம்பட்டி கணக்கு வாத்தியார்

நீங்கள் ஏறுவது உண்மை சார், அதை யாரும் மறுக்க முடியாது. எது ஏற வைத்தது என்பதுதான் கேள்வி. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லாத வெறும் மாத்திரை. அந்தப் பிரிவிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. குளுக்கோசமைன் அதைவிடக் குறிப்பிடும்படி மேலே போகவில்லை. வலி மிகுந்திருந்த சின்னப் பிரிவில் மட்டும், காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு மூட்டுச் சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. முழங்கால் வலி தானாகவே ஏறி இறங்குவது. மிகவும் வலிக்கும்போதுதான் மாத்திரை வாங்குகிறோம், அடுத்து அது இறங்கத்தான் செய்யும். அந்த வருடத்தில் வேறு ஏதாவது மாற்றினீர்களா?

இரும்பாலை 1982

நடக்க ஆரம்பித்தேன். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தினமும் காலையில். எடை 6 கிலோ குறைந்தது.

யோசிக்கிறேன். பவுடருக்கு மாதம் 4,500 ரூபாய் போகிறது.

நாகலூர் காப்பித் தோட்டம்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மஞ்சள் காப்ஸ்யூல் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம், அதனால் அந்தச் சங்கதி எனக்கு நெருக்கம். மஞ்சளில் உள்ள குர்குமின் சும்மா தின்றால் ரத்தத்தில் ஏறவே ஏறாது. 1998இல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பிப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்துக் கொடுத்தபோது 2,000 சதவீதம் கூடுதலாக ஏறியது. அன்றிலிருந்து எல்லாக் காப்ஸ்யூலிலும் மிளகுச் சாறு போடுகிறார்கள். ரசத்தில் போடும் மஞ்சள்பொடியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் குர்குமின். காப்ஸ்யூலில் 500, 1,000 மி.கி. அப்படியே அடைத்திருக்கிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இதனால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். மிளகு மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை, சில மருந்துகளையும் கூடுதலாக உள்ளே விடும். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சமையலில் போடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

காப்பி விற்கிற நானே சொல்ல வேண்டியது ஒன்று. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு போடாதீர்கள். 1983 ஆய்வு ஒன்றில் சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்ததற்கே இரும்பு உள்ளே போவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே குறைவுதான். ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் குறையவில்லை. எங்கள் வீட்டில் அத்தைக்கு ரத்தம் குறைவு. ஆறு மணிக்குக் காப்பி, ஏழரைக்கு டிபன், மாத்திரை பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு என்று மாற்றினோம். தைராய்டு மாத்திரைக்கும் காப்பி ஆகாது, அரை மணி, முக்கால் மணி நேரமாவது தள்ளுங்கள்.

அப்புறம், மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது முடவாட்டுக்கால் கிழங்கு. ரோட்டோரத்தில் ரோமம் படர்ந்த ஆட்டுக்கால் மாதிரி கட்டிவைத்து விற்பார்களே, அதுதான். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றின் தண்டு. தோலைச் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் பூண்டு போட்டுக் கொதிக்க விட்டால் ஆட்டுக்கால் சூப் வாசமே வரும். குளிரில் நான் வாரம் ஒரு தடவை வைப்பேன், உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் இதைக் குடித்தால் மூட்டு புதிதாகிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள் பாருங்கள், அதை நம்பி டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சூப்பாகக் குடியுங்கள். காய வைத்துப் பொடியாக்கி டப்பாவில் வருவதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எனக்கே சொல்ல முடியாது.

சித்த மருத்துவ ஆர்வலர்

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா பற்றி ஒரு வார்த்தை. சித்த மருத்துவத்தில் அமுக்கராக் கிழங்கைப் பாலில் சுத்தி செய்து, வைத்தியர் நாடி பார்த்து, அளவும் காலமும் சொல்லிக் கொடுப்பார். கடையில் 'அஸ்வகந்தா' என்று விற்கும் செறிவூட்டிய சாறு வேறு பொருள். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்கள் பல நாடுகளில் உண்டு. டென்மார்க் 2023இல் தடையே போட்டது. தைராய்டு ஹார்மோனையும் அது தூண்டக்கூடியது. எனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். நம் மருத்துவத்தின் மேல் உள்ள மரியாதையால்தான் சொல்கிறேன்.

ஓமலூர் நர்ஸ்

அக்கா, இவ்வளவு நேரம் எதை நிறுத்துவது என்றே பேசினோம். உங்கள் அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படக்கூடியது ஒன்று அந்த 11இல் இல்லை, கவனித்தீர்களா? பி12. மல்டிவைட்டமினில் கொஞ்சம் இருக்கும், போதாமல் போகலாம்.

வருடக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிட்டால் பி12 குறையும். முட்டை, மீன் தொடாதவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. வயதானால் வயிற்றில் அமிலம் குறைவதால் சாப்பாட்டில் உள்ளதும் சரியாகச் சேராது. கூடவே தினமும் கேஸ் மாத்திரை போட்டால் இன்னும் மோசம். உங்கள் அம்மாவுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன, வயது மூன்றாவது. பாதம் மரத்துப்போகிறது, பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது என்று சொல்வாரா? அதைச் 'சர்க்கரையால்' என்று விட்டுவிடுவார்கள். பாதி நேரம் யாரும் பி12 பார்ப்பதே இல்லை. பார்த்துக் குறைவென்றால் ஊசியோ மாத்திரையோ டாக்டர் கொடுப்பார். ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு எடுத்துக்கொள்ளாத வகை.

அடுத்தது புரோட்டீன். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியோர் நல நிபுணர்கள் 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 60, 70 கிராம். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, உங்கள் அப்பாவுக்குக் கிரியாட்டினின் இறங்கும் வரை டாக்டரைக் கேட்டுத்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று. இரண்டு இட்லி, ஒரு கரண்டி ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. அதுவும் நம் சேலத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி. 'தெம்பாக இருக்கட்டும்' என்று அன்பாகக் காய்ச்சிக் கொடுப்பார்கள். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு, கிட்டத்தட்ட வெறும் ஸ்டார்ச். நூறு கிராமில் புரோட்டீன் ஒரு கிராம்கூடத் தேறாது.

ஏன் கஞ்சி என்று கேட்டால் பல் இல்லை. இதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் தெரியுமா! பல் செட் வாங்கி டம்ளரில் போட்டு வைத்திருப்பார்கள், ஈறு குத்துகிறது என்று மாட்டுவதில்லை. பல் டாக்டரிடம் இரண்டு தடவை போய் அதைத் தேய்த்துச் சரிசெய்தால் சுண்டல் சாப்பிடுவார்கள். அதை விட்டுவிட்டு இரண்டாயிரம் ரூபாய்க்குப் பவுடர் வாங்குகிறார்கள். 2024 மே மாதம் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டியே புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துக் குழைய வேகவைத்து மசித்தால் 9, 10 கிராம் கிடைக்கும். ஒரு டம்ளர் பாலில் 6. முட்டை சாப்பிடுபவருக்கு ஒரு முட்டையில் 6. கால்சியத்துக்கு ராகி, நூறு கிராமில் 350 மி.கி.யை ஒட்டி இருக்கிறது. ஆனால் டி முழுசாக இறங்கும் வரை அப்பாவுக்கு ராகி, பால் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவை அம்மாவுக்கு.

கடைசியாகக் கால். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அப்பாவை உட்கார வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். சுவரோரம் நாற்காலியைப் போட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் கீழே, பெண்ணுக்கு 10க்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம். அதையே தினமும் இரண்டு வேளை செய்தால் அதுதான் பயிற்சி. இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்கள் எழுந்து பழையபடி ஆவது எவ்வளவு கஷ்டம் என்று வார்டில் பார்த்திருக்கிறேன்.

டாலஸ் ஆத்தூர்க்காரன்

நர்ஸ் அக்கா, அப்பாவை வீடியோ காலில் எழுந்து உட்காரச் சொன்னேன். 7. அம்மா பக்கத்தில் நின்று எண்ணினார். பதினைந்து வருடமாகப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறேன், அவர் கால் இவ்வளவு வலுவிழந்தது எனக்குத் தெரியாது.

லீ பஜார் மருந்தாளுநர்

தெரிந்துவிட்டதே தம்பி, இனிமேல் ஆக வேண்டியதைப் பார்க்கலாம். 5,000 யூனிட் டப்பா பற்றி: அப்பாவுக்கு அங்கே வேறு யாராவது 60,000 எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் தினம் 4,000க்கு மேல் போகக் கூடாது.

எல்லோருக்கும் ஒன்று. நம் நாட்டில் சத்து மாத்திரை பெரும்பாலும் உணவு உரிமத்தில் விற்பது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரி இருக்கும் டப்பாவைக் காட்டி ஒருவர் 'சர்க்கரை குணமாகும், மூட்டு குணமாகும்' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரும்பாலை 1982

பவுடரை நிறுத்திவிட்டேன். கொண்டைக்கடலை ஊறுகிறது. நாற்காலியில் 14 வந்தது. எடை தூக்கும் பயிற்சி இந்த வயதில் செய்யலாமா?

ஓமலூர் நர்ஸ்

செய்யலாம் சார், செய்யவும் வேண்டும். பிபி கட்டுப்பாட்டில் இருக்கிறதா, நெஞ்சு வலி ஏதும் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது.

அம்மாப்பேட்டை மகள்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

அம்மாவுக்கு பயோட்டின் நிறுத்தி மூன்று நாள் கழித்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 6.9. குறைத்த மாத்திரையால் கூடியிருக்கிறது என்று டாக்டரே பழையபடி 100க்குக் கொண்டுபோய்விட்டார். பெட்டியைக் காட்டியதும் அவரே அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பி12 பார்த்தோம், 128. ஊசி போடுகிறார்கள். நர்ஸ் தங்கச்சி கேட்டது போலவே பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் சர்க்கரை என்றே இருந்துவிட்டோம்.

அப்பாவுக்குக் கால்சியம் 10.1. டி இன்னும் 118, மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கிரியாட்டினின் இறங்கிவிட்டது. டப்பாவில் இப்போது அப்பாவின் பிபி மாத்திரையும், அம்மாவின் மெட்பார்மினும் தைராய்டும் இரும்பும் மட்டும். பட்டையைக் கத்தரிக்கவில்லை. கத்தரிக்கோலை அவரே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். நாற்காலியில் 6இலிருந்து 9 ஆகியிருக்கிறது. பட்டறையில் தரையில் உட்கார்ந்தே ஐம்பது வருடம் போனதால் முழங்கால் மடங்கும், நிமிர்த்தத்தான் வலு இல்லை என்று பிசியோதெரபி செய்பவர் சொன்னார்.

டாலஸ் ஆத்தூர்க்காரன்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அக்கா. எங்கள் அப்பாவுக்கு 9 வந்துவிட்டது. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். இந்த முறை பெட்டியில் மாத்திரை இல்லை. வேறு என்ன கொண்டுவரட்டும், சொல்லுங்கள்.

ஓமலூர் நர்ஸ்

வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ, இருவருக்கும். பின்னால் குதிகாலைப் பிடிக்கிற மாதிரி, பட்டை ஒட்டும் வகை, குனிந்து கயிறு கட்ட வேண்டாம். பாத அளவை அம்மாவிடம் சாயங்காலம் எடுக்கச் சொல்லுங்கள், காலையில் எடுத்தால் சின்னதாக வரும். குளியலறைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி, அதை ஆத்தூரிலேயே வாங்கலாம். நீங்கள் வந்து நின்று சுவரில் உறுதியாகப் பொருத்தச் செய்யுங்கள்.